முதியோருக்கான சமூகப் பணியில் வேலை: குமரி மாவட்டத்தில் எங்கே தொடங்குவது?

வணக்கம். ஊர் தக்கலை பக்கம். 2023-ல் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்தேன், மருத்துவ மனநலப் பிரிவு. முதியோருக்காகத்தான் வேலை செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன், ஆனால் வழி அடைபட்டு நிற்கிறது.

களப்பணியில் ஒரு பாட்டாவைப் பார்த்தேன். பெரிய வீடு, பிள்ளைகள் வளைகுடாவில். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது, நிறம் பார்த்து எடுத்து விழுங்குகிறார். இப்படி எத்தனையோ பேர் இங்கே, அவர்களுக்குப் பணம் வருகிறது, பேச ஆள்தான் இல்லை.

முயன்றவை: மார்த்தாண்டம், நாகர்கோவில் முதியோர் இல்லங்களில் கேட்டேன், வார்டன் அல்லது நர்ஸ்தான் வேண்டுமாம். தொண்டு நிறுவனங்களில் குழந்தைகள் திட்டத்துக்குத்தான் இடம். ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரச் சொன்னார்கள். 2007-ம் வருடத்து பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைப் படித்து வைத்திருக்கிறேன், முதியோருக்கான 14567 உதவி எண் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியும். அப்புறம், மலையாளம் நன்றாகப் பேசுவேன், அதனால் திருவனந்தபுரம் என்றாலும் சரி, தினமும் போய் வந்துவிடலாம். அம்மாவைத் தனியே விட முடியாது, சென்னை இப்போதைக்கு ஆகாது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: முதியோர் பராமரிப்பில் ஒரு வருட டிப்ளமோ சேர்ந்தால் வேலைக்கு நிஜமாகவே உதவுமா, இல்லை சம்பளம் குறைவானாலும் தீராத நோயாளிகளின் வலி, வேதனையைக் குறைக்கும் ஒரு நோய்த்தணிப்புச் சிகிச்சை மையத்தில் சேர்ந்து அனுபவம் எடுப்பது நல்லதா?