போனிலிருந்து லேப்டாப்புக்கு 11.4 ஜிபி வீடியோ: வயர் இல்லாமல் ஏற்ற வழி உண்டா?

செய்யாற்றங்கரை
வணக்கம். நான்கு நாளாக முட்டி மோதிப் பார்த்துவிட்டு இங்கே கேட்கிறேன்.

என் அப்பா தெருக்கூத்துக் கலைஞர். போன மாதம் செய்யாறு பக்கம் ஒரு ஊரில் பாரதக் கூத்து நடந்தது. அப்பா கர்ணன் வேஷம் கட்டினார். முழங்கால் தேய்ந்துவிட்டதால் இனிமேல் மரக் கிரீடமும் புஜக்கட்டையும் சுமக்கிற கட்டை வேஷம் கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் விடியும்வரை உட்கார்ந்து போனிலேயே எடுத்தேன். மூன்று வீடியோ: 11.4 ஜிபி, 3.6 ஜிபி, 2.8 ஜிபி. திரைக்குப் பின்னால் அப்பா பாட ஆரம்பிப்பதிலிருந்து கர்ணன் சாய்வதுவரை அந்தப் பெரிய வீடியோவில்தான் இருக்கிறது.

போனில் சார்ஜர் சொருகும் இடம் ஆடிப்போய்விட்டது. வயரைச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் லேப்டாப்பில் போன் தெரிவதே இல்லை. பழுது பார்க்கிற கடையில் போர்டில் கை வைக்க வேண்டியிருக்கும், உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். எனவே முதலில் வீடியோக்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 13 போன், விண்டோஸ் 10 லேப்டாப் (ஏழு வருடப் பழசு). செய்து பார்த்தவை:

புளூடூத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது, பாதியில் அறுந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. கூகுள் டிரைவில் பாதி இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. கடைசியாக, ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளுக்குள் கோப்பு அனுப்புகிற லோக்கல்செண்ட் என்ற செயலியை இரண்டிலும் போட்டேன். இரண்டும் வீட்டு வைஃபையில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கவே இல்லை. எங்கே தப்பு?

மஞ்சள் பை
ஷேர்இட் போட்டுப் பாருங்கள். நாங்கள் காலேஜில் படம் எல்லாம் அதில்தான் மாற்றுவோம். சட்டென்று முடிந்துவிடும்.

நெட்கடை அண்ணன்
அது 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. ஜெண்டரும் அதே பட்டியலில்தான். பிளே ஸ்டோரில் கிடைக்காததால் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடுகிறார்கள், அதோடு என்னென்ன சேர்ந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. சகோதரி, தயவு செய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் போட்டிருக்கும் லோக்கல்செண்ட் நல்ல செயலி. இலவசம், விளம்பரம் இல்லை, மூல நிரல் திறந்தே இருக்கிறது, இன்டர்நெட் வழியாகவும் போகாது. செயலியை மாற்றிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு ஏன் தெரியவில்லை என்று பார்ப்போம்.

கணினி வாத்தியார்
அவர் சொல்வது சரி. எனக்கு மூன்று விவரம் வேண்டும், ஊகித்துச் சொல்லாமல் பார்த்துச் சொல்லுங்கள்.

போன் எந்த வைஃபை பெயரில் இணைந்திருக்கிறது, லேப்டாப் எந்தப் பெயரில்? எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

இரண்டின் ஐபி எண்களும் (வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கிற முகவரி) வேண்டும். போனில் வைஃபை பெயரைத் தொட்டால் உள்ளே இருக்கும். லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை என்று போய் இணைந்திருக்கும் பெயரைச் சொடுக்கினால் கீழே ஐபிவி4 என்று இருக்கும்.

போனில் விபிஎன் (இணைப்பை வேறொரு கணினி வழியாகச் சுற்றிவிடுகிற செயலி) ஏதாவது ஓடுகிறதா? ஓடினால் பக்கத்தில் இருக்கிற லேப்டாப்பே தெரியாமல் போகலாம்.

செய்யாற்றங்கரை
விபிஎன் இல்லை சார். லேப்டாப்: 192.168.1.7. போன்: 192.168.2.14.

பெயரைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். லேப்டாப் வீட்டுப் பெயரில் இருக்கிறது, போன் அதே பெயருக்குப் பின்னால் ‘கெஸ்ட்’ என்று இருப்பதில். இணைப்பு கொடுக்க வந்தவர் போன்களுக்கெல்லாம் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அப்போதே தனியாக வைத்துக்கொடுத்தார். ஒரே வைஃபை பெட்டியிலிருந்துதானே வருகிறது என்று நினைத்துவிட்டேன்.

கணினி வாத்தியார்
அதுதான் முதல் முட்டுக்கட்டை. மூன்றாவது எண் ஒன்றில் 1, இன்னொன்றில் 2. பெட்டி ஒன்றுதான், வீடுதான் இரண்டு. கெஸ்ட் என்பது வந்துபோகிற விருந்தாளிகளுக்கானது. இன்டர்நெட் கிடைக்கும், ஆனால் வீட்டில் இருக்கிற மற்ற கருவிகள் அவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே நடுவில் சுவர் எழுப்பியிருப்பார்கள். எந்தச் செயலி போட்டாலும் இந்தச் சுவரைத் தாண்டாது.

போனில் கெஸ்ட்டை மறக்கச் சொல்லிவிட்டு வீட்டுப் பெயரில் இணையுங்கள். ஐபியும் 192.168.1 என்று தொடங்குகிறதா பாருங்கள்.

செய்யாற்றங்கரை
மாற்றிவிட்டேன். இப்போது போன் 192.168.1.9. லேப்டாப்பில் என் போன் தெரிகிறது! ஆனால் போனில் லேப்டாப் தெரியவில்லை. சோதனைக்கு லேப்டாப்பிலிருந்து ஒரு படத்தைப் போனுக்கு அனுப்பினேன், வந்துவிட்டது. எனக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிர்த் திசை.

கணினி வாத்தியார்
நல்ல செய்தி. ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் வரவில்லை என்றால் லேப்டாப் வாசலில் காவல்காரர் நிற்கிறார். ஃபயர்வால்.

லோக்கல்செண்டை முதல்முறை திறந்தபோது அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வந்திருக்கும். என்ன அழுத்தினீர்கள்?

செய்யாற்றங்கரை
கேன்சல் என்று நினைக்கிறேன். ஏதோ எச்சரிக்கை போல இருந்ததால் பயந்து மூடிவிட்டேன்.

கணினி வாத்தியார்
பயந்ததில் தப்பே இல்லை, புரியாத பெட்டிக்குச் சரி கொடுக்காமல் இருப்பது நல்ல பழக்கம். ஆனால் அங்கே கேன்சல் கொடுத்தால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று அர்த்தம் ஆகாது. இந்தச் செயலியை உள்ளே விடாதே என்று விண்டோஸ் நிரந்தரமாக எழுதி வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது.

கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வாலைத் திறங்கள். இடது பக்கம் ஒரு செயலியை அனுமதிப்பதற்கான வரி இருக்கும். அதற்குள் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ அழுத்தி, பட்டியலில் லோக்கல்செண்டைத் தேடி, ‘பிரைவேட்’ கட்டத்தில் டிக் போடுங்கள். ‘பப்ளிக்’ கட்டத்தைத் தொட வேண்டாம்.

அப்புறம் ஐபி பார்த்த அதே வைஃபை பக்கத்தில் நெட்வொர்க் வகை பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் ஆக்குங்கள். பப்ளிக் என்றால் நீங்கள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதாக விண்டோஸ் நினைத்துக்கொண்டு ஒளிந்துகொள்ளும். வீட்டு வைஃபைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

இரண்டும் செய்தும் பெயர் வரவில்லை என்றால் போனில் லேப்டாப்பின் ஐபியைக் கையால் அடித்தும் அனுப்பலாம், அதற்கு இடம் இருக்கிறது. ஃபயர்வாலைப் பூராவும் அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லோக்கல்செண்டுக்கு வேண்டியது 53317 என்ற ஒரே ஒரு கதவு.

செய்யாற்றங்கரை
சார், வந்துவிட்டது! 2.8 ஜிபி வந்துவிட்டது, 3.6 ஜிபியும் வந்துவிட்டது. கைகூப்பி நன்றி. இப்போது பெரியது ஓடிக்கொண்டிருக்கிறது.

செய்யாற்றங்கரை
பெரியது நின்றுவிட்டது. 37 சதவீதத்தில் பிழை என்று காட்டியது. மறுபடி ஆரம்பித்தேன், முதலிலிருந்தே ஓடியது, மறுபடி 37. திரையை அணைய விடாமல் வைத்திருந்தேன், சார்ஜும் இருந்தது. அரை மணி நேரம் ஓடி ஓடி அங்கேயே போய் நிற்கிறது.

தறிநாடா
வைஃபை சிக்னல் விட்டு விட்டு வருகிறது போல. பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அனுப்புங்கள். வந்த 37 சதவீதத்தையாவது எடுத்து வையுங்கள், அதுவரை ஓடுமே?

நெட்கடை அண்ணன்
ஓடாது நண்பரே. போன் எடுக்கிற எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். வால் இல்லாமல் தலை மட்டும் வந்தால் பிளேயருக்கு ஒன்றும் புரியாது.

சகோதரி, வேகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் போனும் லேப்டாப்பும் வீட்டு வைஃபையில் இருக்கும்போது ஒவ்வொரு துண்டும் போனிலிருந்து பெட்டிக்கு ஒரு முறை, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை காற்றில் பயணம் செய்கிறது. பழைய லேப்டாப் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கலாம், அதில் இரண்டு பேரும் ஒரே ஒற்றையடிப் பாதையில் முட்டிக்கொள்வார்கள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை நேராக அதில் இணையுங்கள், ஒரே பயணம். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் உங்கள் அன்றாட டேட்டாவைக் குடித்துவிடும். டேட்டா இல்லாமலே ஹாட்ஸ்பாட் வேலை செய்யும். புது வைஃபை என்பதால் விண்டோஸ் மறுபடி பப்ளிக் என்று வைத்திருக்கும், அதையும் பிரைவேட் ஆக்க வேண்டும்.

கணினி வாத்தியார்
ஹாட்ஸ்பாட் யோசனை நல்லது, செய்யுங்கள். ஆனால் இந்த 37 சிக்னலால் வருவது அல்ல. சிக்னல் என்றால் ஒரு தடவை 12இல் அறும், இன்னொரு தடவை 80இல் அறும். இரண்டு தடவையும் ஒரே இடம் என்றால் அங்கே ஒரு சுவர் இருக்கிறது.

11.4இல் 37 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 4.2 ஜிபி. வந்த வீடியோக்கள் இரண்டும் அதற்குக் கீழே. லேப்டாப்பில் எங்கே சேமிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்? பென்டிரைவா?

செய்யாற்றங்கரை
ஆமாம் சார்! சி டிரைவில் 9 ஜிபிதான் காலி, அதனால் 32 ஜிபி பென்டிரைவைச் சொருகி அதில் சேமிக்கும்படி மாற்றி வைத்தேன். பென்டிரைவில் இன்னும் 20 ஜிபி காலி இருக்கிறதே?

கணினி வாத்தியார்
இடம் இருந்தும் வாங்காது. ‘திஸ் பிசி’யில் அந்தப் பென்டிரைவை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்ன என்று பாருங்கள். ஃபேட்32 என்று இருக்கும். அந்த முறையில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுதி வைக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுத முடிகிற மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அத்தனை பைட்டுக்கு மேல் ஒரே கோப்பாக அது வைத்துக்கொள்ளாது. சின்னக் கோப்பாக ஆயிரம் போடலாம், பெரிதாக ஒன்று போட முடியாது. 32 ஜிபி வரை உள்ள பென்டிரைவ்கள் பெரும்பாலும் இப்படித்தான் கடையிலிருந்து வருகின்றன.

பெரிய கோப்பையும் வாங்கிக்கொள்கிற எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். இப்போது வந்த இரண்டு வீடியோவையும், வேறு ஏதாவது இருந்தால் அதையும் முதலில் லேப்டாப்புக்கு நகல் எடுங்கள். போனில் எதையும் அழிக்காதீர்கள். பெரிய வீடியோ முழுதாக வந்து, நீங்கள் கண்ணால் பார்க்கும்வரை போனில் இருப்பதுதான் அசல்.

செய்யாற்றங்கரை
ஃபேட்32தான் சார். இரண்டு வீடியோவை சி டிரைவில் போட்டுவிட்டேன், 6.4 ஜிபி சரியாக அடங்கியது. மீதி அம்மாவின் பக்திப் பாடல்கள்தான், அவை இன்னொரு சின்னப் பென்டிரைவிலும் இருக்கின்றன.

நெட்கடை அண்ணன்
பாட்டுக்கு அந்தச் சின்னதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய பாட்டுப் பெட்டிகளும் டிவிக்களும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். காலையில் பாட்டு ஓடவில்லை என்றால் அம்மா உங்களைத்தான் கேட்பார்.

ஹாட்ஸ்பாட் போட்டால் போன் சூடாகும், சார்ஜும் வேகமாக இறங்கும். வயரை நம்ப முடியாத போன் என்பதால் நூறு வரை ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். உறையைக் கழற்றி, ஃபேன் காற்று படுகிற இடத்தில் வையுங்கள்.

பனையோலை
இதைப் படித்துக்கொண்டு வந்ததால் கேட்கிறேன். விண்டோஸிலேயே ‘நியர்பை ஷேரிங்’ என்று ஒன்று இருக்கிறதே, அதில் அனுப்பக் கூடாதா?

கணினி வாத்தியார்
பெயர் குழப்புகிறது. அது விண்டோஸ் கணினிகளுக்குள் மட்டும் அனுப்பிக்கொள்வதற்கு. ஆண்ட்ராய்டில் நியர்பை ஷேர் என்று 2020இல் வந்தது வேறு. அது 2024இல் சாம்சங்கின் குவிக் ஷேருடன் சேர்ந்து குவிக் ஷேர் என்று பெயர் மாறியது. கூகுள் அதை விண்டோஸ் 10, 11க்கும் தருகிறது, அதைப் போட்டால் போனிலிருந்து அனுப்பலாம். லேப்டாப்பில் புளூடூத், வைஃபை இரண்டும் இயங்க வேண்டும். புதிய லேப்டாப் உள்ளவர்களுக்கு நன்றாகவே இருக்கும். இவருக்கு இப்போது ஓடுவதை மாற்ற வேண்டாம்.

செய்யாற்றங்கரை
முழுதாக வந்துவிட்டது.

எக்ஸ்ஃபேட் செய்து, ஹாட்ஸ்பாட்டில் போட்டேன். 37 வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், 38 ஆனது. வீட்டு வைஃபையில் அரை மணி நேரத்தில் 37 சதவீதம்தான் வந்தது. இதில் 40 நிமிடத்தில் முழுவதும் முடிந்தது.

கணினி வாத்தியார்
ரொம்ப மகிழ்ச்சி அம்மா. போனிலும் பென்டிரைவிலும் கோப்பின் அளவு பைட் வரைக்கும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு வீடியோவின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவை நம்பி மட்டும் விடாதீர்கள். இன்னொருவர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இரண்டாவது நகல் இருந்த பிறகுதான் போனைக் கடையில் கொடுக்க வேண்டும்.

செய்யாற்றங்கரை
அளவு கடைசி எண் வரை ஒன்றுதான். அண்ணன் வீட்டுக் கணினியில் நாளைக்கு நகல் போட்டுவிடுவேன்.

கடைசி ஐந்து நிமிடத்தை அப்பாவையும் உட்கார வைத்து ஓட்டினேன். கிழக்கு வெளுத்துவிட்டது, அப்பா முகத்தில் அரிதாரம் வியர்வையில் வழிந்திருக்கிறது, முகவீணை ஒலி மட்டும் தனியாகக் கேட்கிறது. கர்ணன் சாய்ந்ததும் முன்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து வந்து அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார். எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. அப்பா அந்த இடத்தை மட்டும் மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்.