ஜோபர்க் ஏர்போர்ட்ல இருந்து மிட்ராண்ட், ராத்திரி நேரம், கைக்குழந்தையோட எப்படி வர்றது?

மதுரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பிரசவத்துக்கு மதுரை வந்தவ ஜூலை முதல் வாரம் தென்னாப்பிரிக்காவுல எங்க வீடு இருக்குற மிட்ராண்ட் திரும்புறேன். பாப்பாவுக்கு 7 மாசம், பெரியவனுக்கு 4 வயசு, கூட எங்க அம்மா வர்றாங்க, அவங்களுக்கு இதுதான் முதல் பிளைட். துபாய் மாறி ஜோபர்க் ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட் வந்து இறங்க ராத்திரி 9 ஆயிடும், இமிக்ரேஷன் பெட்டி எல்லாம் முடிச்சு வெளிய வர 10 மணின்னு வச்சுக்கலாம். வீட்டுக்காரருக்கு அந்த வாரம் முழுக்க டர்பன்ல வேலை, லீவ் கிடைக்கல. பெரிய பெட்டி 5, ஸ்ட்ரோலர் வேற. ஊபர் போட்டு பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு வந்துடலாம், ஊர்ல அப்படித்தானே போறோம்ங்கிறாங்க அம்மா, எனக்கு மனசு ஒப்பல. முன்கூட்டியே ஏர்போர்ட் ஷட்டில் வண்டி சொல்லணுமா, காட்ரெய்ன் ரயில்ல வரலாமா, சின்னப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சென்ச்சூரியன் அம்மா:
மடியில மட்டும் வேண்டவே வேண்டாம்மா. ஹைவேல 120ல போற வண்டி சட்டுன்னு பிரேக் அடிச்சா எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் கையில நிக்காது. 2015 ஏப்ரல் 30ல இருந்து இங்க 3 வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைக்கு கார் சீட் கட்டாயம், ஆனா வாடகைக்கு ஓடுற மினிபஸ்ஸுக்கு அதுல விலக்கு இருக்கு, அதனால ஷட்டில்னு சொல்லி டொயோட்டா குவாண்டம் மாதிரி மினிபஸ் அனுப்பினா சீட் இல்லாமலே வரலாம், நீங்கதான் கேட்டு வாங்கணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு ஷட்டில் புக் பண்ணினேன், பேபி சீட் உண்டான்னு கேட்டதுக்கு உண்டுன்னாங்க. வந்தது பெரிய பிள்ளைங்க ஏறி உக்காருற பூஸ்டர், என் பையனுக்கு அப்போ 9 மாசம். ராத்திரி 11 மணி, குளிர் எலும்புல இறங்குது, அழுற பிள்ளையோட பார்க்கிங்ல நின்னு வேற வண்டி வர ஒரு மணி நேரம் காத்திருந்தேன், இப்பவும் நினைச்சா வயிறு கலங்குது. அதனால பேபி சீட்னு மட்டும் சொல்லாதீங்க, குழந்தை வயசு, எடை, பின்பக்கம் பாத்து உக்காருற சீட் வேணும்னு எழுதி அனுப்பி, அந்த சீட்டோட போட்டோவ வாட்ஸ்அப்ல வாங்கிடுங்க. வண்டியில பின் சீட்லதான் மாட்டணும், முன்னாடி ஏர்பேக் இருக்கு.

இன்னொண்ணு, இங்க ஜூலைல குளிர்காலம், பாப்பாவுக்கு தடிமனான ஜாக்கெட் போட்டிருப்பீங்க. அதோட பெல்ட் மாட்டினா இறுக்கமா இருக்குற மாதிரி தெரியும், உள்ள லூசாத்தான் இருக்கும். ஜாக்கெட்ட கழட்டி பெல்ட் போட்டு, தோள்கிட்ட பெல்ட்ட ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க, மடிப்பு விரல்ல வந்தா இன்னும் இழுக்கணும். அப்புறமா மேல போர்வைய போத்துங்க.

பெனோனி வாசி:
தங்கச்சி, காட்ரெய்ன் பகல்ல அருமையான வண்டிதான், சாண்ட்டனுக்கு கால் மணி நேரம். ஆனா மிட்ராண்டுக்கு மார்ல்போரோ ஸ்டேஷன்ல இறங்கி வேற ரயில் மாறணும், 5 பெட்டியும் ரெண்டு பிள்ளையும் வச்சுக்கிட்டு அது ஆகாது, நீங்க வெளிய வர்ற நேரத்துக்கு ரயிலும் நின்னிருக்கும். உள்ள சாப்பிடக் குடிக்கவும் தடை, பெரியவன் பிஸ்கட் கேட்டா குடுக்க முடியாது.

அரைவல்ஸ்ல டாக்ஸி வேணுமான்னு கூடவே வர்றவங்க கிட்ட பேச்சே குடுக்காதீங்க, ட்ராலியில கை வைக்க விடாதீங்க. அம்மாகிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க, ஊர்ல இருந்து வர்றவங்க உதவி பண்றாங்கன்னு நினைச்சு விட்டுடுவாங்க. நகைய கழுத்துல போட்டு வர வேண்டாம்னும் சொல்லுங்க, ஏர்போர்ட்ல இருந்து வீடு வரைக்கும் பின்னாடியே வந்து கேட்ல மடக்குறது இங்க நடக்குறதுதான். டிரைவர் பேரு, நம்பர் பிளேட் ரெண்டும் சரியா இருந்தா மட்டும் ஏறுங்க.

என்னைக் கேட்டா அன்னைக்கு ராத்திரி ஏர்போர்ட் வளாகத்துலயே சிட்டி லாட்ஜ்ல தங்கிட்டு காலையில கிளம்புங்க, ட்ராலிய தள்ளிக்கிட்டே நடந்து போயிடலாம். இங்க ராத்திரி 10ன்னா பிள்ளைங்களுக்கு ஊர்க் கணக்குல விடியக்காலை ஒன்றரை, அதுக்கு மேல அதுங்களால தாங்க முடியாது.

மதுரைக்காரி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஹோட்டல் யோசனை நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மா வீட்டுக்குப் போய்த்தான் படுப்பேன்னு நிக்கிறாங்க. அவர்கிட்ட பேசினேன், பெரியவன் கைக்குழந்தையா இருந்தப்போ வாங்கின சீட் வீட்லயே இருக்கு, 4 வருஷம்தான் ஆச்சு, எங்கயும் அடிபடல. டர்பன் கிளம்புறதுக்கு முந்தின நாள் டிரைவர வீட்டுக்கு வரச்சொல்லி அவரே அந்த வண்டியில மாட்டி, டிரைவருக்கும் மாட்டிக் காட்டுறேன்னு சொல்லிட்டார். பெரியவனுக்கு பூஸ்டரும் குடுத்துவிடுவார். வேன் ஒண்ணு சொல்லியாச்சு.

சென்ச்சூரியன் அம்மா:
இதுதாம்மா சரி. சீட்டுக்குப் பின்னாடி எக்ஸ்பயரி தேதி இருந்தா ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. பாப்பா ஜாக்கெட்டு, போர்வை, ஒரு வேளைக்கு ஃபார்முலா எல்லாம் கைப்பையில இருக்கட்டும், பெட்டிக்குள்ள போட்டுடாதீங்க, கதவு தாண்டி வெளிய வந்ததும் குளிர் மூஞ்சில அடிக்கும். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டரும் சாக்ஸும்.