கிருஷ்ணய்யர்: தலைச்சேரி வக்கீல், மந்திரி, நீதிபதி (சில சந்தேகங்கள்)

மணிமுத்தாறு:
கல்லூரி மலருக்கு, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். நான்கு இடத்தில் தடுமாறுகிறேன். பிறந்த ஆண்டு சில இடத்தில் 1914, சில இடத்தில் 1915 என்று இருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் மந்திரியாக இருந்தவரை நீதிபதியாக்க அரசியல் சட்டத்தில் தடை எதுவும் இல்லையா? இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் கிருஷ்ணய்யர் 1975 ஜூன் 24 அன்று போட்ட உத்தரவு இந்திராவைக் காப்பாற்றியது என்கிறார்கள் சிலர், கையைக் கட்டிப்போட்டது என்கிறார்கள் சிலர். எது சரி? கடைசியாக, வட கேரளத்தின் தலைச்சேரி போன்ற சிற்றூர் கோர்ட்டில் வாதாடியதற்கும் பின்னால் அவர் எழுதிய தீர்ப்புகளுக்கும் நிஜமான தொடர்பு உண்டா, அல்லது கட்டுரைக்காக நாம் கட்டுகிற தொடர்பா?

வடகரை வாசகன்:
தேதிகளை முதலில் சரிசெய்துவிடலாம். உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு. அவர் 1980 நவம்பர் 14 அன்று பணி முடித்தார். அப்படியானால் பதிவேட்டில் உள்ள பிறந்த நாள் 15.11.1915. ஆனால் அவருடைய நூறாவது பிறந்தநாளை 2014 நவம்பரிலேயே கொண்டாடினார்கள். அடுத்த மாதம் 4-ந் தேதி கொச்சியில் காலமானார். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. கட்டுரையில் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். முதல் பக்கத்தில் 1915 என்றும் கடைசிப் பக்கத்தில் "நூறு வயதில் மறைந்தார்" என்றும் எழுதினால் கணக்கு உதைக்கும்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். தகப்பனார் ராமய்யரும் வக்கீல். படித்ததில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சென்னை சட்டக் கல்லூரியும் உண்டு. 1930-களின் இறுதியில் தலைச்சேரியில் தொழில் தொடங்கினார். அப்போது மலபார் முழுக்க சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. ஜன்மிகள் (நிலவுடைமையாளர்கள்) போட்ட வெளியேற்ற வழக்குகளில் சிக்கிய குடியானவர்கள், சங்கம் வைத்ததற்காகப் பிடிபட்ட தொழிலாளர்கள்: இவர்களுக்காக ஆஜரானதில்தான் பெயர் பரவியது. விசாரணை என்ற பெயரில் போலீஸ் அடிப்பதைக் கண்டித்ததற்கு 1948-ல் பதில் கிடைத்தது. கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று பொய்க் குற்றச்சாட்டு, ஒரு மாதம் சிறை.

1952-ல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். 1957-ல் தலைச்சேரியிலிருந்து கேரள சட்டமன்றம். இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் சட்டம், உள்துறை, சிறை, பாசனம், மின்சாரம் எல்லாம் அவரிடம் இருந்தன. 1959 ஜூலை 31 அன்று அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. ஆகஸ்டிலேயே மறுபடி கறுப்புக் கோட்டு. 1960 தேர்தலில் சொற்ப வாக்கில் தோற்றதாக அறிவித்தார்கள். தேர்தல் வழக்குப் போட்டு 1961-ல் அந்த இடத்தை மீட்டார். 1965-ல் தோல்வி. 1968 ஜூலை 2 கேரள உயர் நீதிமன்றம், 1971 முதல் சட்ட ஆணையம், 1973 ஜூலை 17 உச்ச நீதிமன்றம்.

தாவா சொத்து:
தடை இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதியாக அரசியல் சட்ட உறுப்பு 217(2) கேட்பது இரண்டில் ஒன்று: நீதித்துறைப் பதவியில் பத்தாண்டு, அல்லது உயர் நீதிமன்ற வழக்கறிஞராகப் பத்தாண்டு. கட்சியில் இருந்தாரா, மந்திரியாக இருந்தாரா என்ற கேள்வியே அந்த உறுப்பில் கிடையாது. பதவியேற்ற பிறகு அரசியலில் இருக்கக்கூடாது என்பதுதான் நடைமுறை. இன்றைக்கும் உறுப்பு மாறவில்லை, யார் பெயரைத் தேர்வு செய்வது என்பதுதான் மாறியிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்புக்குப் பிறகு கொலீஜியம் (மூத்த நீதிபதிகள் குழு) கையில் இருக்கிறது. அவர் காலத்தில் அரசின் சொல்லுக்குத்தான் எடை அதிகம்.

இவர் மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள். கே. எஸ். ஹெக்டே 1952 முதல் 1957 வரை மாநிலங்களவை உறுப்பினர், அங்கிருந்து நேராக மைசூர் உயர் நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம், 1977-ல் மக்களவை சபாநாயகர். பஹருல் இஸ்லாம் மாநிலங்களவையிலிருந்து குவாஹாட்டி உயர் நீதிமன்றம் போனவர்.

கிருஷ்ணய்யர் நியமனத்தை எழுதும்போது 1973-ன் சூட்டையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ. என். ரே தலைமை நீதிபதியானார். தாண்டப்பட்ட மூவரும் ராஜினாமா செய்தார்கள், அவர்களில் ஒருவர் மேலே சொன்ன ஹெக்டே. நாடாளுமன்றத்தில் அந்த முடிவுக்கு வாதாடியவர் நம்மூர்க்காரரான மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம். மூன்றே மாதத்தில் ஒரு முன்னாள் இடதுசாரி மந்திரி உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறார் என்றதும் பெரிய வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் சோலி சொராப்ஜி பிற்பாடு தன் கணிப்பு தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

கோடை அமர்வு:
ஜூன் 24 உத்தரவை இருதரப்பும் பாதிதான் படிக்கிறார்கள். அலகாபாத் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா ஜூன் 12 அன்று இந்திராவின் ரேபரேலி வெற்றியைச் செல்லாது என்றார், மேல்முறையீட்டுக்காக 20 நாள் நிறுத்தியும் வைத்தார். உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது. தனி நீதிபதியாக இருந்தவர் கிருஷ்ணய்யர். சட்ட மந்திரி கோகலே வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டார். மனுவைப் பதிவகத்தில் தாக்கல் செய்தால் போதும் என்று பதில் போனது. வாதாடியவர்கள்: இந்திராவுக்குப் பால்கிவாலா, எதிரே தேர்தல் வழக்குப் போட்ட ராஜ் நாராயணுக்கு சாந்தி பூஷண்.

அலகாபாத் தீர்ப்புக்கு இந்திரா தரப்பு கேட்டது முழுத் தடை, கிடைத்தது நிபந்தனைத் தடை. அதை இரண்டு அடுக்காகப் பிரித்து எழுதுங்கள். மக்களவை உறுப்பினர் என்ற முறையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடலாம், ஆனால் வாக்களிக்கக் கூடாது, உறுப்பினர் சம்பளம் வாங்கக் கூடாது. பிரதமர் என்ற முறையில் இரு அவைகளிலும் பேசலாம், பதவிக்குரிய எல்லா வேலையும் செய்யலாம். இரண்டாவது அடுக்கில் அவைகளில் பேசுவது கிருஷ்ணய்யர் கொடுத்த சலுகை கிடையாது, உறுப்பு 88 ஏற்கெனவே மந்திரிகளுக்குத் தரும் உரிமை. கையெழுத்து எதற்கு என்றால், அவை அனுமதியில்லாமல் 60 நாள் வராவிட்டால் இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம். அதைத் தடுக்க.

ஆக, சட்டப்படி பிரதமர் பதவி தப்பியது. அரசியலில் நிலைமை மோசமானது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது. தேர்தல் வழக்கால் தன் இடத்தையே மீட்ட ஒருவரிடம் இந்த மனு வந்து சேர்ந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தச் சட்டம் அவருக்குப் புத்தக அறிவு மட்டுமில்லை.

மணிமுத்தாறு:
மிக்க நன்றி. நான்காவது கேள்விக்கு யாராவது? எனக்கு இருப்பது 1,200 சொல்தான். எந்தத் தீர்ப்பில் தொடங்கட்டும்?

வடகரை வாசகன்:
தொடர்பு நிஜம்தான். 1978 ஆகஸ்ட் மாதத்தை மட்டும் எடுங்கள், போதும். பதினான்கு நாளுக்குள் மூன்று தீர்ப்புகள்.

17-ந் தேதி ஹோஸ்காட் வழக்கு. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் கைதி கைக்கு வராமலே ஆண்டுகள் ஓடிவிட்டன, மேல்முறையீட்டுக் கெடு தாண்டிப்போனது. கிருஷ்ணய்யர் இட்ட கட்டளை ஒரு குமாஸ்தா கூடப் பின்பற்றக்கூடிய அளவுக்குத் தெளிவு: சிறைத் தண்டனை கொடுக்கும் கோர்ட் நகலை இலவசமாகத் தர வேண்டும், சிறை வழியாக வந்தால் சிறை அதிகாரி கைதியிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும், வக்கீல் வைக்க முடியாதவருக்கு அரசுச் செலவில் வக்கீல்.

24-ந் தேதி மோதிராம். இதைத்தான் நடுவில் வைக்கச் சொல்வேன். ஒரு கொத்தனாருக்கு ஜாமீன் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டும் அவர் வெளியே வர முடியவில்லை. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளினார். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு தமிழனோ மலையாளியோ வடக்கே எங்கோ பிடிபட்டால் அந்த மாவட்டத்தில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று அதில் கேட்கிறார். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் கட்சிக்காரன் உள்ளேயே கிடப்பதற்குக் காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்காது, ஜாமீன்தாரரின் பட்டாவைச் சரிபார்க்கிற மேஜையில் இருக்கும். முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் நின்றவருக்குத்தான் அது தெரியும்.

30-ந் தேதி சுனில் பத்ரா. தூக்குத் தண்டனை உறுதியாகும் முன்பே கைதியைத் தனிமையில் பூட்டுவதும், விலங்கை மாதக்கணக்கில் மாட்டி வைப்பதும் சிறை அதிகாரியின் இஷ்டமில்லை என்றது. எழுதியவர் சிறையில் இருந்தவர், பிறகு அதே சிறைத்துறைக்கு மந்திரியாகவும் இருந்தவர்.

இடம் மிச்சமிருந்தால் 1980 ரத்லம் வழக்கு. சாக்கடை கட்டச் சொல்லி மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவு. காசில்லை என்றது நகராட்சி. காசில்லை என்பது மலம் ஓடும் தெருவுக்குப் பதிலாகாது என்று தள்ளினார்.

தாவா சொத்து:
இரண்டு திருத்தம் மட்டும். "ஜாமீன்தான் விதி, சிறை விலக்கு" என்ற வாசகத்தை மோதிராமில் தேடாதீர்கள், அது 1977 பால்சந்த் வழக்கு. கட்டுரைகளில் அடிக்கடி இடம் மாறி வருகிறது. அடுத்தது பிரிவு எண்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. பிணைத்தொகை அளவு மீறக்கூடாது என்ற பழைய 440 இப்போது பிஎன்எஸ்எஸ் 484. ரத்லம் வழக்கில் மாஜிஸ்திரேட் உத்தரவு போட்ட பழைய பிரிவு 133 இப்போது 152. தீர்ப்பில் இருக்கும் எண்ணை அப்படியே எழுதி, பக்கத்தில் புதிய எண்ணையும் போடுங்கள். இல்லாவிட்டால் இன்றைய மாணவர் தேடினால் வேறு பிரிவு வந்து நிற்கும்.

கோடை அமர்வு:
மேலே கேள்வியில் "கம்யூனிஸ்ட் ஆட்சியில் மந்திரி" என்று இருக்கிறது, கட்டுரையில் அதை "கம்யூனிஸ்ட் மந்திரி" ஆக்கிவிடாதீர்கள். 1952-லும் 1957-லும் அவர் நின்றது சுயேச்சையாக, கட்சி ஆதரவு கொடுத்தது. அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.