கலைச்சொல் வேண்டல்: பாடும் டெஸ்லா சுருளும் பண்பேற்றமும்

மொழிபெயர்ப்பாளரின் மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

அறிவியல் கண்காட்சி ஒன்றின் விளக்கப் பலகைகளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். பாட்டுக்கேற்பப் பொறி கக்கும் டெஸ்லா சுருளின் (இரண்டு கம்பிச்சுருள்கள் ஒத்ததிர்ந்து மிகு மின்னழுத்தம் உண்டாக்கும் கருவி) பலகை மட்டும் முடியாமல் நிற்கிறது. அதன் உயர் மின்னழுத்த வழங்கியைப் பாட்டின் ஒலிக்குறிகையால் ஏற்றி இறக்குவதைப் பாடநூல் வழக்கைப் பின்பற்றிக் ‘கேளொலிப் பண்பேற்றம்’ என்று எழுதினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எதையேனும் உணர்த்துமா என்பது ஐயமாக இருக்கிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் மறுமொழி

செய்தியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலையின் வீச்சு, அதிர்வெண், கட்டம் ஆகிய மூன்றுக்கும் பொதுவாகப் ‘பண்பு’ என்று வைத்து, செய்திக்குறிகையை ஏற்றி அதை மாற்றுவதைப் பண்பேற்றம் என்றனர். வானொலிக்கு அச்சொல் பொருந்தும். இங்கே ஏறுவது பாட்டாகவே இருப்பதால் ‘பண்ணேற்றம்’ என்பேன். பண் + ஏற்றம். தனிக்குறில்முன் நின்ற ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற நன்னூல் விதி போதும். ஓரெழுத்து மாற்றத்தில் பொருள் துலங்குகிறது.

கருவிக்கும் பெயர் சூட்டிவிடலாம். குமிழங்கொம்பில் மரல்நாரை நரம்பாகக் கட்டி இடையன் இசைத்த வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. மின்சாரம் காற்றில் வளைந்து பாய்வதை மின்வில் என்று ஏற்கெனவே சொல்கிறோம் அல்லவா? ஆகவே ‘மின்வில்யாழ்’. மேலும், டகரம் தமிழில் மொழிமுதலாகாது. பலகையில் ‘தெசுலா’ என்றே எழுத வேண்டுகிறேன்.

மின்னணுப் பொறியாளரின் மறுமொழி

ஐயா, யாழைச் சற்றே இறக்கி வைத்துவிட்டுக் கருவியைப் பார்ப்போம். 1900இல் இலண்டனில் டடல் என்பவர் இசைக்க வைத்தது உண்மையிலேயே மின்வில்தான். இரண்டு கரிமுனைகளுக்கிடையே விடாமல் எரிந்தது. டெஸ்லா சுருளின் உச்சியிலிருந்து கிளைத்துக் காற்றில் மடிந்துபோகும் பொறிக்கீற்றை மின்வில் என்றால் தேர்வில் மதிப்பெண் குறைப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே பெயரில் இரண்டு வேறு செயல்களை நாம் அடைக்கப் பார்க்கிறோம் என்பது. சுருள் தானாக அதிர்வது பெரும்பாலும் ஐம்பதாயிரம் ஹெர்ட்சுக்கு மேலே. நம் காது இருபதாயிரத்தோடு நின்றுவிடும். முதல் முறையில், சுருளை இயக்கும் மின்வழங்கியின் அழுத்தமே பாட்டின் அலைவடிவத்தைப் பின்பற்றி ஏறி இறங்க, பொறியின் வலிமையும் கூடவே ஏறி இறங்குகிறது. பழைய வால்வு வானொலிப் பரப்பிகளில் இறுதி வால்வின் நேர்மின்வாய்க்குச் செல்லும் உயரழுத்தத்தின்மீது ஒலியை மின்மாற்றி வழியே ஏற்றியதும் இதே வேலைதான். முழு அளவில் ஏற்றினால் உச்சத்தில் அழுத்தம் இருமடங்கு, திறன் நான்கு மடங்கு. இது ஐயத்துக்கிடமில்லாத வீச்சுப் பண்பேற்றம். பேச்சும்கூடத் தெளிவாகக் கேட்கும்.

இரண்டாவது முறையில் வழங்கியின் அழுத்தம் மாறுவதே இல்லை. 440 ஹெர்ட்சுச் சுரம் வேண்டுமென்றால் சுருளை நொடிக்கு 440 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 100 மைக்ரோநொடி மட்டும், இயக்கி நிறுத்துகிறார்கள். ஆக ஒரு நொடியில் 44 மில்லிநொடிதான் அது உயிரோடு இருக்கிறது. மேடைகளில் இடிபோல இசைக்கும் பெரிய சுருள்களில் மிகுதியும் இவ்வகையே. இதற்குத் ‘துடிப்பியக்கம்’ என்று தனிச்சொல் வேண்டும். முதலில், உங்கள் சுருள் எவ்வகை?

ஆசிரியர் ஐயாவுக்கு இன்னொன்று: வானொலிப்பெட்டியில் பண்பிறக்கம் செய்ய, அதாவது ஏறிய ஒலியைத் திரும்பப் பிரித்தெடுக்க, தனிச்சுற்று உண்டு. இங்கே அதைக் காற்றே செய்துவிடுகிறது. பொறியின் சூடு ஏறி இறங்குவதற்கேற்பக் காற்று விரிந்து சுருங்கி ஒலியாகிறது. பண்ணேற்றம் என்றால் இதைப் பண்ணிறக்கம் என்பீர்களோ?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மறுமொழி

அதிர்வெண்ணை எங்கள் பாடப்புத்தகம் மீடிறன் என்றும், ஒத்ததிர்வைப் பரிவு என்றும் சொல்லும். முதற்சுருளின் துடிப்புக்கு இரண்டாம் சுருள் எழுந்து ஆடுவதைப் பரிவு என்பதைவிட அழகாகச் சொல்ல முடியுமோ தெரியவில்லை. ‘வழங்கி’ என்று தனியே எழுதாதீர்கள். பிள்ளைகள் கணினி வழங்கியை நினைப்பார்கள். மின்வழங்கி என்பதே சரி. பண்ணேற்றத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பண்ணிலிருந்து மற்றொரு பண் பிறப்பிக்கும் பண்ணுப்பெயர்த்தலோடு இசை படித்தவர்கள் அதைக் குழப்பிக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்பாளரின் இரண்டாம் மடல்

அனைவருக்கும் நன்றி. கண்காட்சியில் விசாரித்தேன், சுருள் இரண்டாம் வகையாம். நான் எழுதியது சொல்லால் மட்டுமன்றிப் பொருளாலும் பிழை என்று தெரிந்தது. பலகையில் இப்போது இருப்பது: “சுரத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் சுருளைத் துடிக்க வைக்கிறார்கள், ஒவ்வொரு துடிப்பிலும் சூடேறி விரியும் காற்றே ஒலிபெருக்கி.” ‘துடிப்பியக்கம்’ தலைப்பில் இடம்பெறுகிறது. நாளை வெள்ளிக்கிழமை என்பதால் அனுப்பிவிட்டேன். பண்பேற்றம் வரவில்லை.

தமிழாசிரியரின் மறுமொழி

துடிப்பியக்கத்தை ஏற்கிறேன், துடிப்பு + இயக்கம், புணர்ச்சியில் குறையில்லை. வழங்கியை ஏற்றி இறக்கும் முதல்வகைச் சுருளுக்குப் பலகை எழுதும் நாள் வந்தால் பண்ணேற்றத்தை மீண்டும் முன்வைப்பேன். ஆனால் தலைப்பில் டகரம் அப்படியே நிற்கிறதா? அச்சகத்தாரிடம் இன்றிரவு ஒருமுறை பேசிப் பார்க்க இயலாதா?