டீ பாட் அடியில் டைமண்ட் முத்திரை, ஸ்பூனில் 1847: எந்தக் காலத்துச் சாமான்?

கேள்வி:
வெள்ளி முலாம் பூசிய டீ பாட் ஒன்று, கூடவே ஆறு ஸ்பூன். பாட்டின் அடியில் நான்கு சின்னக் கட்டங்களில் இ, பி, பி, எம் என்ற எழுத்துகள், பக்கத்தில் 2217. அதன் கீழே டைமண்ட் முத்திரை: உச்சி வட்டத்தில் ரோமன் ஒன்று, மேல் முனையில் 9, வலது முனையில் எஃப், கீழ் முனையில் எம், இடது முனையில் 4. டைமண்ட் முத்திரையின் ஆண்டு எழுத்து அட்டவணையில் எஃப்-க்கு 1847 என்று போட்டிருக்கிறது. ஸ்பூன் காம்பின் பின்புறமும் "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்". இரண்டும் ஒரே ஆண்டுதானா?

பதில் 1:
இல்லைங்க. அந்த டைமண்ட், பிரிட்டனில் டிசைனைப் பதிவு செய்ததற்கான முத்திரை. 1842 முதல் 1867 வரை ஆண்டு எழுத்து மேல் முனையில் இருக்கும். 1868 முதல் 1883 வரை வலது முனையில். எழுத்துகள் இரண்டு காலத்திலும் திரும்பத் திரும்ப வருவதால் எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வலது முனையில் எஃப் என்றால் 1873. இந்த இரண்டாம் வரிசையில் மேலே நாள், கீழே மாதம். எம் என்பது ஜூன். ஆக 1873 ஜூன் 9. இடது முனை 4, அன்று பதிவான டிசைன் கட்டுகளில் இதன் எண். உச்சியில் உள்ள ரோமன் ஒன்று, உலோகச் சாமான் என்ற வகை. அது டிசைன் பதிவான தேதிதான். பாட் அதற்குப் பிறகும் செய்யப்பட்டிருக்கலாம். 2217 ஆண்டும் இல்லை, பதிவெண்ணும் இல்லை. பெரும்பாலும் கம்பெனியின் மாடல் நம்பர். 1884 முதல் டைமண்ட் போய் 'ஆர்டி' (ரெஜிஸ்டர்டு என்பதன் சுருக்கம்) என்ற எழுத்துகளோடு தொடர் எண் வந்தது.

பதில் 2:
ஸ்பூன் அமெரிக்கச் சரக்கு. 1847 என்பது பிராண்டின் பெயரில் ஒரு பகுதி. மெரிடன் பிரிட்டானியா கம்பெனி 1862-இல் இந்தப் பெயரை வாங்கியது. 1898-க்குப் பிறகு இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனி இதே பெயரில் பல பத்தாண்டுகள் செய்தது. காம்பின் பூவேலை எந்த பேட்டர்ன் என்று கண்டுபிடியுங்கள், காலம் அதிலிருந்துதான் தெரியும்.

டீ பாட் அடியில் உள்ள நான்கு எழுத்துகளை ஹால்மார்க் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டானியா மெட்டல்மேல் மின்முலாம் என்பதன் சுருக்கம். உள்ளே ஈயம் அல்ல. பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, செம்பு. தேய்ந்த விளிம்பைப் பாருங்கள்: மங்கலான சாம்பல் நிறம் தெரிந்தால் இதுதான். லேசான மஞ்சள் கலந்த வெண்மை என்றால் நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, வெள்ளி கிடையாது), சிவப்பு என்றால் செம்பு. பிரிட்டானியா சுமார் 250 டிகிரியிலேயே இளகிவிடும். மூக்கு ஆடுகிறது என்று பற்றவைக்கக் கொடுத்தால், உலோகம் எது என்பதைப் பட்டறையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரண வெள்ளியைப் பற்றவைக்கும் சூட்டில் மூக்கோடு உடம்பும் உருகிப் போகும். காலி டீ பாட்டை அடுப்பில் வைக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஜெர்மன் ஃபோர்க் ஒன்றும் உண்டு, டபிள்யூஎம்எஃப் என்ற கம்பெனி முத்திரை, கூடவே 90. தொண்ணூறு சதவீத வெள்ளியா?

பதில் 3:
சதவீதம் இல்லை, கிராம். 12 ஸ்பூன், 12 ஃபோர்க், ஆக 24 உருப்படிகளுக்குச் சேர்த்து 90 கிராம் வெள்ளி முலாம் என்று அர்த்தம். ஒன்றுக்கு நாலு கிராம்கூட வராது. பிரான்சின் கிறிஸ்டோஃபிள் கம்பெனி முன்பு போட்ட 84-உம் இதே கணக்குதான். இதை எடைக்கு வெள்ளி விலை சொல்லி விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

முத்திரை மங்கலாக இருந்தால் தேய்க்க வேண்டாம். பத்து மடங்கு லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கையாக உரசினாலும் வடிவம் வந்துவிடும். வெள்ளிக் குத்துவிளக்குக்குப் போடுவது போல விபூதி, புளி போட்டுத் துலக்குவதை அறவே விடுங்கள். முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கிறது. துலக்கத் துலக்க முத்திரையும் முலாமும் சேர்ந்தே போகும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெத்தென்ற துணி போதும்.