வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தனி ஃபயர்வால் தேவையா?

குடியாத்தத்துக்காரன்:
விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். பையன் ஏதோ ஓசி கேம் இறக்கினான். அன்றிலிருந்து பிரவுசரைத் திறந்தாலே சூதாட்ட விளம்பரம். கடைக்காரர் ஒருவர் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார். இப்போது கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் நம்மூர் வெயிலில் ஈரத்துணியே காய்ந்துவிடும். உளவு நிரலைப் பிடிக்க எது நல்லது? நெட் போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வாலும் வாங்கணுமா?

சத்துவாச்சாரி தாத்தா:
தம்பி, அந்த இரண்டையும் முதலில் நீக்குங்க. ஒரே ஃபைலை இரண்டு பேர் சோதித்தால் இழுக்கத்தான் செய்யும். நீக்கியதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் தானே வேலையைத் தொடங்கும். ஃபயர்வாலும் உள்ளேயே இருக்கிறது. 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் முதல் இயல்பாகவே ஆனில் இருக்கும். ஆனால் வெளியே இருந்து வருவதைத்தான் அது மறிக்கும். உள்ளே உட்கார்ந்த நிரல் வெளியே பேசுவதை, நாமாக விதி போடாதவரை, தடுக்காது. நானும் தனி ஃபயர்வால் வைத்துப் பார்த்தவன்தான். ‘அனுமதிக்கலாமா?’ என்று நொடிக்கொரு கேள்வி. வீட்டம்மா எல்லாவற்றுக்கும் சரி கொடுத்துவிடுவார். அப்புறம் என்ன காவல்!

காட்பாடி ஜங்ஷன்:
கெட்ட நிரல்களைத் தேடிப் பிடிக்கும் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பில் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். அது நாம் ஓட்டினால்தான் ஓடும், டிஃபெண்டரோடு மோதாது. பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். பையனுக்கு அட்மின் (நிர்வாகி) அதிகாரம் இல்லாத கணக்கு கொடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியே முடிந்துவிட்டது, அதையும் கவனியுங்கள்.

குடியாத்தத்துக்காரன்:
‘கூப்பன்’ என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. தூக்கினேன், விளம்பரம் போச்சு. பையன்தான் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு முறைக்கிறான்.