ரிமாண்டில் இருக்கும் அண்ணனுக்கு இன்சுலின் சரியாகக் கிடைக்க என்ன வழி?

கேள்வி:
என் அண்ணன் இரண்டு மாதமாக மத்திய சிறையில் விசாரணைக் கைதி. வயது 52, பத்து வருஷமாக இன்சுலின் போடுகிறவர். போன வாரம் மனு போட்டு அவரைச் சிறையில் பார்க்கப் போனேன், ஆள் பாதியாகிவிட்டார். ஊசி ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லையாம், போட்டாலும் சாப்பாடு வர நேரமாகிவிடுகிறதாம். காலில் புண் வேறு. ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போகச் சொன்னால் வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை என்று தள்ளிப்போடுகிறார்கள். வக்கீல் ஜாமீன் ஜாமீன் என்றே இருக்கிறார். அதுவரை கால் தாங்குமா?

பதில் 1:
நான் கிரிமினல் பக்கம் வக்கீல். அக்கா, அவர் இருப்பது நீதிமன்றக் காவல். சிறை அவரை வைத்திருக்கிற இடம்தான், அனுப்பி வைத்தது கோர்ட். அதனால் ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடமே, சிகிச்சை தரச் சொல்லிச் சிறைக் கண்காணிப்பாளருக்கு உத்தரவிடக் கேட்டுத் தனி மனு போடச் சொல்லுங்கள், ஜாமீன் மனுவோடு கலக்க வேண்டாம். பழைய டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் இணையுங்கள். ரிமாண்ட் நீட்டிக்க 15 நாளுக்குள் ஒருமுறை அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், காணொலியில் என்றாலும் சரி, அப்போது அவரே வாய்விட்டுச் சொல்லட்டும். பயந்து "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பதில் 2:
வக்கீல் இழுத்தடித்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும், 1987-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. போன் 15100. என் அப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது. வாயால் சொன்னது எதுவும் நிற்கவில்லை, கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பி ஒப்புகை அட்டை வந்தபிறகுதான் டாக்டர் வந்து பார்த்தார்.

பதில் 3:
கடிதத்தைச் சாதாரணமாக நினைக்காதீங்க. திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியைச் சிறை வார்டர் சித்திரவதை செய்ததை எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்து, 1979-ல் தீர்ப்புச் சொன்னது. அப்புறம், இது முதல் வழக்கு என்றால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 479-வது பிரிவையும் வக்கீலிடம் கேளுங்க. அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும், ஆயுள், தூக்கு வரை போகும் குற்றங்களுக்கு இது கிடையாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. நாளைக்கே சீட்டெல்லாம் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறேன். வெறுங்காலோடு நடக்கிறார், மெத்துச் செருப்பு கொடுக்க விடுவார்களா?

பதில் 1:
டாக்டர் சீட்டில் எழுதி வாங்கி, அதையும் அதே மனுவில் கேளுங்கள் அக்கா.